மாப்பிள்ளை தேடிய பிபிசி

விக்ரம் சேத்தின் 1,349 பக்க நாவலை ஆறு மணி நேரத்தில் அடக்கிய 'எ சூட்டபிள் பாய்' தொடர், 1951-இன் ஒரு வடஇந்தியக் குடும்பத்தைக் காட்டுகிறது. அந்த வீட்டில் எழும் கேள்வியோ பெங்களூர் மொட்டை மாடிகளில் இன்னும் கேட்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மாலை. பெங்களூர் ஈஜிபுராவின் குறுகலான தெருக்களில், பேயிங் கெஸ்ட் பலகை தொங்கும் நான்கு மாடிக் கட்டடங்களின் மொட்டை மாடிகளில், துணி காயும் கொடிகளுக்கு நடுவே செல்போன் பேச்சு தொடங்கும் நேரம். மதுரை, ஈரோடு, திருநெல்வேலி என்று எங்கெங்கிருந்தோ வேலைக்கு வந்த பெண்கள். மறுமுனையில் ஊரில் இருக்கும் அம்மா. சாப்பாடு, சளி, சம்பளம், தம்பியின் படிப்பு எல்லாம் பேசி முடித்த பிறகு ஒரு சின்ன மௌனம். பிறகு வருகிறது விஷயம்: "ஒரு ஜாதகம் வந்திருக்கு கண்ணு. பையன் போட்டோ அனுப்பியிருக்கேன். பார்த்துட்டுச் சொல்லு."

கோரமங்கலாவின் பளபளப்புக்கு ஒட்டியபடி, அதைவிடக் குறைந்த வாடகையில் இருப்பதுதான் ஈஜிபுராவின் கவர்ச்சி. இளைஞர்கள் குவியும் இந்தப் பகுதியில் தமிழ்க் குரல்களுக்குப் பஞ்சமில்லை. சம்பாதிக்கிற, தனியாக வசிக்கிற, தன் வாடகையைத் தானே கட்டுகிற பெண்ணிடம் கூட அம்மா கேட்கும் அந்தக் கேள்வி மட்டும் மாறவில்லை. தன் வாழ்க்கைத் துணையைத் தேர்ந்தெடுக்கப்போவது யார்? மகளா, குடும்பமா?

அந்தக் கேள்வியைத்தான் பிபிசி கையில் எடுத்தது. 2020 ஜூலை 26 அன்று பிபிசி ஒன் சேனலில் தொடங்கிய 'எ சூட்டபிள் பாய்' ஆறு பாகங்களாக ஓடியது. அதே ஆண்டு அக்டோபர் 23 அன்று நெட்ஃபிளிக்ஸ் மூலம் இந்தியாவுக்கு வந்தது. இயக்கியவர் 'சலாம் பாம்பே' (1988), 'மான்சூன் வெட்டிங்' (2001) புகழ் மீரா நாயர். திரைக்கதை ஆண்ட்ரூ டேவிஸ். ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலை 1995-இல் பிபிசிக்காகத் தொடராக்கி உலகம் முழுக்கப் பெயர் வாங்கியவர் இவர். ஐந்து பெண்களுக்கு வரன் தேடித் தவிக்கும் ஓர் ஆங்கிலேயத் தாயின் கதை அது. அதை எழுதிய கைக்கு, மாப்பிள்ளை தேடும் ஓர் இந்தியத் தாய் அந்நியமாக இருந்திருக்க மாட்டாள்.

கதை சுலபமானது. 1951. கங்கைக் கரையில் பிரம்மபூர் என்ற கற்பனை நகரம். ரூபா மெஹ்ராவின் மூத்த மகள் சவிதாவுக்குக் கல்யாணம் ஆகிறது. பந்தலிலேயே அம்மா அடுத்த தீர்மானத்தை எடுத்துவிடுகிறார். இளைய மகள் லதாவுக்கும் தான் பார்க்கும் பையன்தான். பத்தொன்பது வயது லதா கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிப்பவள். அவள் மனதில் இடம்பிடிப்பவன் கபீர் துர்ரானி. கிரிக்கெட் ஆடுகிறான், அழகாக இருக்கிறான், முஸ்லிம். பிரிவினை நடந்து நான்கே ஆண்டுகள் ஆன நாட்டில் அந்தக் கடைசிச் சொல் ஒன்றே போதும். அம்மா மகளை அழைத்துக்கொண்டு கல்கத்தாவுக்கு ரயிலேறுகிறார்.

அங்கே இரண்டாவது பையன். லதாவின் அண்ணி மீனாட்சியின் சகோதரன் அமித் சாட்டர்ஜி. ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவன், கவிஞன். மூன்றாவதாக வருகிறான் ஹரேஷ் கன்னா. இங்கிலாந்தில் செருப்புத் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்து தோல் நாற்றத்துக்கு நடுவே நின்று உழைப்பவன். வெற்றிலை போடுகிறான், இரண்டு நிற ஷூ அணிகிறான். ஆங்கில இலக்கிய மாணவிக்கு முதல் பார்வையில் பிடிக்கிற ஆள் இல்லை. கடைசியில் லதா யாரைத் தேர்ந்தெடுக்கிறாள் என்பதுதான் 1993-இல் நாவல் வெளிவந்த நாளிலிருந்து வாசகர்கள் சண்டை போட்டுக்கொள்ளும் விஷயம்.

இந்தத் தொடரின் முதல் வெற்றி, அம்மா. ரூபா மெஹ்ராவாக நடித்திருக்கும் மஹிரா கக்கர், எளிதில் கேலிச்சித்திரமாகிவிடக் கூடிய ஒரு பாத்திரத்தை மனுஷியாக்கிவிடுகிறார். எதற்கெடுத்தாலும் கண்ணீர், எதிலும் மூக்கை நுழைப்பது, பிள்ளைகளின் மனதை உருக்க இறந்துபோன கணவரின் பெயரை இழுப்பது எல்லாம் உண்டு. ஆனால் அந்தக் கண்ணீருக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. ரயில்வே அதிகாரியாக இருந்த கணவர் போய்விட்டார். சொந்த வீடு இல்லை. மகன் வீட்டுக்கும் மகள் வீட்டுக்குமாக ரயிலில் அலைவதே வாழ்க்கை. கடைசி மகளை ஒரு நல்ல இடத்தில் சேர்த்துவிட்டால் தன் கடமை முடிந்தது என்று நினைக்கும் விதவை அவர். இந்த அம்மாவைத் தெரியாத தமிழ்க் குடும்பம் இருக்க முடியாது. நம் சின்னத்திரையில் அம்மாக்கள் தெய்வங்களாக வருவார்கள், அல்லது சூழ்ச்சிக்காரிகளாக வருவார்கள். தவறாக நடந்துகொண்டும் அன்பு குறையாத அம்மாவைப் பார்ப்பது அபூர்வம்.

நாவலில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. மாமனார் வாங்கிய தங்கப் பதக்கத்தை மருமகள் மீனாட்சி உருக்கிக் கம்மல் செய்துகொள்கிறாள். மாமியாருக்கு அது கணவர் இரண்டாம் முறை இறந்தது போல. மருமகளுக்கோ பெட்டியில் தூங்கிய ஒரு பொருள் பயனுக்கு வந்தது போல. யார் சரி? விக்ரம் சேத் தீர்ப்புச் சொல்வதில்லை. நகையை அழித்துச் செய்வதும் அதனால் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பதும் நடக்காத குடும்பம் எது? பெரிய சரித்திரத்தை இப்படிப்பட்ட சின்னச் சமாசாரங்களின் வழியே சொல்வதுதான் இந்தக் கதையின் பலம்.

சரித்திரமும் சும்மா இல்லை. லதாவின் அக்காள் வாழ்க்கைப்பட்ட வீட்டுத் தலைவர் மகேஷ் கபூர் (ராம் கபூர்) மாநில வருவாய்த்துறை அமைச்சர். ஜமீன்தாரி ஒழிப்பு மசோதாவைக் கொண்டுவருகிறார். அந்தச் சட்டத்தால் நிலத்தை இழக்கப்போகும் பைத்தர் நவாப்போ அவருடைய நெருங்கிய நண்பர். கொள்கை பெரிதா, நட்பு பெரிதா? சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-லேயே வந்துவிட்டதால் தமிழ் வாசகர்களுக்கு இந்த நாடகம் பழகிய ஒன்று. 1951 அக்டோபரில் தொடங்கி 1952 பிப்ரவரி வரை நடந்த முதல் பொதுத் தேர்தலும் கதைக்குள் வருகிறது. ஒரு பெண் தன் கணவனைத் தேர்ந்தெடுக்கத் திணறும் அதே மாதங்களில் ஒரு நாடு தன் அரசாங்கத்தைத் தேர்ந்தெடுக்கப் பழகுகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததில்தான் சேத்தின் சாமர்த்தியம்.

அமைச்சரின் இளைய மகன் மான் (இஷான் கட்டர்) பொறுப்பில்லாதவன். பாட்டும் நடனமும் தொழிலாகக் கொண்ட சயீதா பாய் மீது மையல் கொள்கிறான். சயீதா பாயாக வருபவர் தபு. தமிழ் ரசிகர்களுக்கு அவர் 'காதல் தேசம்' (1996) நாயகி. அதைவிட முக்கியமாக, ராஜீவ் மேனனின் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' (2000) படத்தின் சௌம்யா. அந்தப் படமே ஆஸ்டினின் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' நாவலின் தமிழ் வடிவம். வீட்டை இழந்த ஒரு தாயும் பெண்களும், அவர்களுக்குக் காத்திருக்கும் வரன்களும்தான் அங்கேயும் கதை. செட்டிநாட்டு வீட்டில் பொறுமையே உருவான அக்காளாக இருந்த தபு, இருபது ஆண்டுகளுக்குப் பிறகு எந்தக் குடும்பத்துக்குள்ளும் நுழைய அனுமதி இல்லாத பெண்ணாக வருகிறார். இளமை கழிந்துகொண்டிருப்பதை அறிந்த ஒருத்தியின் களைப்பை ஒரு பார்வையில் சொல்லிவிடுகிறார்.

சயீதா பாயின் கதை, குடும்பக் கதைக்குப் போடும் ஒரு நிழல். ஒரு பக்கம் கல்யாணச் சந்தையில் மதிப்பிடப்படும் லதா. மறுபக்கம் அந்தச் சந்தைக்கே வெளியே நிறுத்தப்பட்ட கலைஞர். சென்னை மாகாணம் 1947-இல் தேவதாசி முறையைச் சட்டம் போட்டு ஒழித்தது. அதன் பிறகு அந்தக் கலைகள் 'நல்ல குடும்பத்து' மேடைகளில் ஏறின. கலையை ஏற்றுக்கொண்டவர்கள் கலைஞர்களின் குடும்பங்களை எந்த அளவுக்கு ஏற்றுக்கொண்டார்கள் என்பது இங்கேயும் கூச்சத்தோடு பேசப்படும் விஷயம். தபுவின் காட்சிகளில் தமிழ்ப் பார்வையாளருக்கு நெஞ்சில் ஏதோ உறுத்தினால் அதற்குக் காரணம் உண்டு.

பிரிட்டிஷ் தொலைக்காட்சி இந்தியாவைக் காட்டுவது புதிதல்ல. 1984-இல் ஒளிபரப்பான 'தி ஜுவல் இன் தி கிரௌன்' 14 பாகங்களாக ஓடிப் பெரும் புகழ் பெற்றது. அதன் காட்சிகள் சில நம் மைசூரில் எடுக்கப்பட்டன. அதே ஆண்டு வெளிவந்த டேவிட் லீனின் 'எ பாசேஜ் டு இந்தியா' திரைப்படத்துக்குப் பெங்களூர் அரண்மனை வளாகம் படப்பிடிப்புத் தளமாயிற்று. அந்தப் படைப்புகளில் கதையின் நடுவே நின்றவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். அவர்களுடைய குற்ற உணர்வு, அவர்களுடைய பிரிவாற்றாமை. 2020-இன் தொடரில் முக்கியப் பாத்திரங்களில் ஒரு வெள்ளையர்கூட இல்லை. இந்தியக் குடும்பம் தன் சண்டையைத் தானே போட்டுக்கொள்கிறது. லண்டனில் இருப்பவர் வேண்டுமானால் உட்கார்ந்து பார்க்கலாம்.

குறைகளும் உண்டு. பாத்திரங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பேசுவது உறுத்துகிறது. கல்கத்தா கிளப்பில் கோட்டும் சூட்டுமாக நிற்கும் அண்ணன் அருண் ஆங்கிலத்தில் அதட்டுவது சரி. அம்மாவும் மகளும் இரவில் படுக்கையறையில் அழும்போதும் அதே மொழியா? நடுநடுவே வரும் உருதுவும் இந்தியும் காதில் விழும்போது, பூட்டியிருந்த ஜன்னல் திறந்தது போல இருக்கிறது. நாவலும் ஆங்கிலம்தான். ஆனால் வாசிப்பவர் மனதில் தன் மொழியில் கேட்டுக்கொள்ள முடியும். திரையில் அந்த வசதி இல்லை.

அடுத்த குறை அவசரம். நான்கு குடும்பங்கள், ஒரு சட்டசபை, ஒரு கிராமம், ஒரு தேர்தல். இவை அனைத்தும் ஆறு மணி நேரத்தில். மானுக்கு உருது கற்றுக்கொடுக்கும் ரஷீத், தன் குடும்ப நிலத்தை உழும் ஏழைக்காக மனம் கொதிப்பவர். நாவலின் மிகத் துயரமான பாத்திரங்களில் ஒன்று. விஜய் வர்மா போன்ற நல்ல நடிகர் கிடைத்தும் அவர் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. நம் மெகா தொடர்கள் ஆறு மணி நேரக் கதையை ஆறு வருஷம் இழுக்கின்றன. இங்கே நிலைமை தலைகீழ்.

போதாததற்கு ஒரு சர்ச்சையும் கிளம்பியது. நர்மதைக் கரையில் மஹேஷ்வரில் எடுக்கப்பட்ட காட்சியில், கோயில் பின்னணியில் லதாவும் கபீரும் முத்தமிட்டுக்கொள்வது மத உணர்வைப் புண்படுத்துவதாகப் புகார் எழுந்தது. 2020 நவம்பரில் மத்தியப் பிரதேசப் போலீஸார் நெட்ஃபிளிக்ஸ் அதிகாரிகள் இருவர் மீது வழக்குப் பதிவு செய்தனர். 1951-இன் ஓர் இந்துப் பெண், ஒரு முஸ்லிம் பையன் என்ற கதை, எழுபது ஆண்டுகள் கழித்தும் காவல் நிலையம் வரை போகிறது என்றால், ரூபா மெஹ்ராவின் பயம் அவர் ஒருவருடைய பயமாக மட்டும் இருக்கவில்லை என்று அர்த்தம்.

இனி அந்தப் பெரிய கேள்வி. லதா கடைசியில் செருப்புத் தொழிற்சாலைக்காரன் ஹரேஷைத்தான் ஏற்கிறாள். கபீரை நினைத்தால் தன்னையே மறக்கும் காதல். அமித்தை நினைத்தால் நல்ல பேச்சுத்துணை. ஹரேஷை நினைத்தால் நிம்மதி. அவள் நிம்மதியைத் தேர்ந்தெடுக்கிறாள். இதைக் கோழைத்தனம் என்பவர்கள் உண்டு. அம்மாவும் ஜாதியும் ஜெயித்துவிட்டன, காதல் தோற்றது என்பது அவர்கள் வாதம். ஹரேஷ் அவளுடைய கத்ரி ஜாதிக்காரன்தான் என்பதால் அந்த வாதத்தைத் தள்ளிவிடவும் முடியாது. இல்லை, அவள் நன்றாக யோசித்து, தன் சொந்த வாயால் சரி என்று சொன்னாள், அதுவே விடுதலை என்பவர்களும் உண்டு. லதாவாக நடித்த தான்யா மணிக்தலா பெரிய கண்களை வைத்துக்கொண்டு இரண்டு பக்கத்துக்கும் இடம் கொடுத்தே நடித்திருக்கிறார்.

தீர்ப்பு கதைக்கு வெளியே இருக்கிறது. லதாவுக்கு முன்மாதிரி விக்ரம் சேத்தின் தாயார் லீலா சேத். ஹரேஷுக்கு முன்மாதிரி அவருடைய தந்தை, பாட்டா நிறுவனத்தில் பணியாற்றிய பிரேம் சேத். லீலா 1930-இல் லக்னோவில் பிறந்தவர். தந்தை ரயில்வேயில் வேலை பார்த்தவர். லீலாவின் பதினோராவது வயதில் இறந்துபோனார். கல்கத்தாவில் ஸ்டெனோகிராஃபராக வேலை பார்த்த அந்தப் பெண், பிரேமைச் சந்தித்து மணந்துகொண்டார். கணவரின் வேலை நிமித்தம் லண்டன் போனார். வீட்டில் சின்னக் குழந்தைகளை வைத்துக்கொண்டே சட்டம் படித்து, 1958-இல் லண்டன் பார் தேர்வில் முதலிடம் பெற்றார். அந்த இடத்தைப் பிடித்த முதல் பெண் அவர்தான்.

திரும்பி வந்து பாட்னா உயர் நீதிமன்றத்தில் பத்து ஆண்டு வழக்கறிஞர் தொழில். 1978-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி. 1991-இல் இமாச்சலப் பிரதேச உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி. இந்தியாவில் ஓர் உயர் நீதிமன்றத்துக்குத் தலைமை ஏற்ற முதல் பெண்.

அவர் 1997 முதல் 2000 வரை 15-வது சட்ட ஆணையத்தின் உறுப்பினராகவும் இருந்தார். இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு இணையான பங்கு வேண்டும் என்று அந்த ஆணையம் ஆராய்ந்து சொன்னது. தமிழ்நாடு 1989-லும் கர்நாடகம் 1994-லும் தங்கள் மாநிலங்களுக்கு அந்த உரிமையைக் கொடுத்துவிட்டன. நாடு முழுமைக்கும் 2005-இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. ஒரு காலத்தில் யாருக்குக் கட்டிக்கொடுப்பது என்று குடும்பம் கவலைப்பட்ட பெண், பிற்பாடு எல்லாப் பெண்களுக்கும் அப்பன் வீட்டில் பங்கு கேட்டுக் குரல் கொடுத்தார்.

தாயாகவும் அவர் ரூபா மெஹ்ராவைத் தாண்டி நடந்தார். ஒருபாலுறவைக் குற்றமாக்கும் 377-வது பிரிவு செல்லும் என்று 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னபோது, தன் மூத்த மகன் விக்ரம் ஒருபாலுறவாளர் என்பதையும், அந்தத் தீர்ப்பு தங்கள் குடும்பத்துக்குத் தந்த வேதனையையும் பத்திரிகையில் வெளிப்படையாக எழுதினார். அப்போது அவருக்கு 83 வயது. உச்ச நீதிமன்றம் 2018-இல் தன் நிலையை மாற்றிக்கொண்டதைப் பார்க்க அவர் இல்லை. 2017 மே மாதம் காலமாகிவிட்டார். பிரேமுடனான இல்லறம் அறுபது ஆண்டுகளைத் தாண்டியிருந்தது.

இதெல்லாம் தொடரில் இல்லை. தொடர் லதாவைக் கல்யாணம் வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விடுகிறது. ஆனால் இந்த உண்மைக் கதை தெரிந்தவர் அந்தக் கடைசிக் காட்சிகளை வேறு கண்ணோடு பார்ப்பார். நல்ல பையன் யார் என்று இரண்டு தலைமுறை கேட்டுக்கொண்டிருந்தது. கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. அந்த வீட்டுக்குப் போன பிறகு அவள் என்ன ஆகலாம்? மனைவி படிக்கவும் வாதாடவும் இடம் விடுகிறவனா அவன்? அப்படிப் பார்த்தால் இரண்டு நிற ஷூ போட்டவன் தேறிவிடுகிறான். கவிஞனைப் பற்றி நிச்சயமாகச் சொல்ல முடியாது.

பழைய காலத்துக் குடும்பக் கதைகளைப் பிரிட்டிஷ்காரர்கள் மெனக்கெட்டு எடுக்கிறார்கள், மற்றவர்களும் விரும்பிப் பார்க்கிறார்கள். அழகான உடையும் பழைய கார்களும் மட்டும் அதற்குக் காரணம் அல்ல. தங்கள் பாட்டி எந்த வழியில் போனாள், எந்த வழி அவளுக்கு மூடப்பட்டிருந்தது என்பதைப் பார்த்துவிட்டு, தன் முன்னே எத்தனை வழி திறந்திருக்கிறது என்று எண்ணிப்பார்க்க ஒரு வாய்ப்பு. மீரா நாயரின் தொடர், அதன் அத்தனை அவசரத்துக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவே, அந்த வாய்ப்பைத் தருகிறது.

ஈஜிபுராவில் இருட்டிவிட்டது. கீழே தெருவில் 2017-இல் வேலை தொடங்கி ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்த மேம்பாலத்தை நோக்கி ஆட்டோக்களின் ஹாரன். மொட்டை மாடியில் பேச்சு முடிகிற நேரம். "பார்க்கிறேன்மா" என்கிறாள் மகள். 1951-இல் லதாவும் ஏறக்குறைய அதையேதான் சொன்னாள். வித்தியாசம், இவள் கையில் சம்பளமும் பிறந்த வீட்டுச் சொத்தில் சட்டப்படி ஒரு பங்கும் இருக்கின்றன. அந்தப் பங்குக்காகப் பேசியவர்களில் ஒருவர், லதாவாகவே ஒரு காலத்தில் வாழ்ந்தவர்.